பங்காளிச் சண்டையும் பிடுங்கிய கோல்கம்பமும்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ரசிகர்கள் ஏன் இப்படி?

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் நகரில் ஆட்டம் முடிந்திருந்தது. 13-10 என்று ஜெயித்த மிச்சிகன் பல்கலைக்கழக அணியினர் ஒரு கொடியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவுக்குப் போனார்கள். அங்கே தரையில் பெரிதாக வரைந்திருந்த ‘ஓ’ என்ற எழுத்து, தோற்ற ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் சின்னம். அதன்மேல் கொடியை நட முயன்றார்கள். ஓஹையோ வீரர்கள் பாய்ந்து வர, கைகலப்பானது. போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்துத்தான் பிரித்தது. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம். அடுத்த சில நாட்களில், அந்த மைதானத்தின் நடுவில் கொடி நடுவதைக் கடுங்குற்றமாக்க ஓஹையோ சட்டப்பேரவையில் ஒரு மசோதாவே வந்தது. அது சட்டமாகவில்லை.

கல்லூரிப் பையன்கள் விளையாடும் ஆட்டத்துக்கு எதற்கு இத்தனை போலீஸ், இத்தனை பணம், ஒரு மசோதா வேறு? ‘வெறி’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அந்தச் சொல் எதையும் விளக்காது. இந்த ஆவேசம் ரசிகர்களின் குணத்தில் ஊறியது என்பதைவிட, ஆட்ட அட்டவணையும் ஊர்களுக்கு இடையிலான தூரமும் நாள்காட்டியும் சேர்ந்து வளர்த்தது என்பதே பொருத்தம்.

முதலில், எந்தக் கால்பந்து?

நாம் கால்பந்து என்று சொல்வதை அமெரிக்கர்கள் சாக்கர் என்பார்கள். இது வேறு. பந்து நீள்வட்டம், தலையில் ஹெல்மெட், தோளில் கவசம், ஒரு பக்கம் 11 பேர். 100 கஜ மைதானத்தில் பந்தை எதிரணியின் எல்லை வரை கொண்டுபோக வேண்டும். 10 கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு ‘டவுன்’. எல்லையைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. கிட்டத்தில் போய் மாட்டிக்கொண்டால், பந்தை உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே செலுத்தலாம். அது ஃபீல்டு கோல், 3 புள்ளி. அந்தக் கம்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது.

கல்லூரி ஆட்டம் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகிலிருந்து தனியானது, அதைவிட மூத்தது. முதல் ஆட்டம் 1869 நவம்பர் 6இல் ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்தது. இன்று மேல்தட்டுப் பிரிவில் 130க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் ஆடுகின்றன. அவை ‘கான்ஃபரன்ஸ்’ எனும் கூட்டமைப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. பெரியவை இரண்டு: தெற்கு மாநிலங்களின் எஸ்.இ.சி. (16 அணி), வடக்கில் தொடங்கிய பிக் டென். பிக் டென் என்றால் பத்து என்று நினைக்க வேண்டாம், உள்ளே 18 அணிகள்.

இது சின்ன ஆட்டம் என்ற நினைப்பும் இருந்தால் அரங்க அளவுகளைப் பாருங்கள். மிச்சிகன் அரங்கில் 1,07,601 பேர் உட்காரலாம். ஓஹையோ அரங்கில் 1,02,780. அலபாமாவின் டஸ்கலூசாவில் 1,00,077. தொழில்முறை அணிகளின் அரங்குகள் இவற்றின் பக்கத்தில் வருவதில்லை.

பகை எப்படி உருவாகிறது?

1. ஆட்டங்கள் குறைவு. ஓர் அணிக்கு வழக்கமான பருவத்தில் 12 ஆட்டம்தான். இங்கிலாந்து பிரீமியர் லீகில் 38. அந்த 12இல் பரம எதிரியோடு ஒன்றே ஒன்று. இன்று தோற்றால் அடுத்த மாதம் அவர்கள் ஊரில் திருப்பிக் கொடுக்கலாம் என்ற பேச்சே இல்லை. ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

2. எதிரி பக்கத்து வீட்டுக்காரர். தூரத்து எதிரியை ஆட்டம் முடிந்ததும் மறந்துவிடலாம். இங்கே எதிரணி ரசிகர் ஒரே அலுவலகத்தில் இருக்கிறார், ஒரே தேவாலயத்தில் உட்காருகிறார், பெண்ணெடுத்த வீட்டில் இருக்கிறார். வரப்புத் தகராறுபோல. அயலானோடு சண்டை ஒரு நாளில் முடியும், பங்காளியோடு சண்டை தலைமுறைக்கும் ஓடும்.

3. வேறு அணி இல்லை. அலபாமா மாநிலத்தில் என்.எஃப்.எல். அணி கிடையாது. ஆர்வம் முழுவதும் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கே போகிறது. அங்கே படித்தவர்கள் மட்டுமல்ல, கல்லூரி வாசலையே மிதிக்காதவர்களும் பரம்பரையாக ஒரு பக்கம் நிற்பார்கள். இவர்களுக்கு ‘நடைபாதைப் பழைய மாணவர்’ என்று கேலிப் பெயர் உண்டு. சத்தம் பெரும்பாலும் இவர்களுடையதுதான்.

4. தேதி. பெரிய பகை ஆட்டங்கள் பல நவம்பர் கடைசியில், நன்றி நவிலல் பண்டிகை வாரத்தில் வருகின்றன. வியாழக்கிழமை சொந்தபந்தம் எல்லாம் ஒரே மேசையில் வான்கோழி சாப்பிடும். சனிக்கிழமை ஆட்டம். தோற்ற மச்சானும் ஜெயித்த மாமாவும் ஊருக்குத் திரும்பும்வரை ஒரே கூரையின் கீழ்.

இவை சேரச் சேரப் பகை கெட்டிப்படுகிறது.

மிச்சிகன் – ஓஹையோ: எல்லைத் தகராறில் தொடங்கியது

1835இல் மிச்சிகன் இன்னும் மாநிலமாகவில்லை. டொலீடோ நகரைச் சுற்றிய நிலப்பட்டை யாருக்கு என்று அதற்கும் ஓஹையோவுக்கும் வழக்கு. இரு தரப்பும் குடிப்படையை எல்லைக்கு அனுப்பின. பெரிய போர் ஏதும் மூளவில்லை. கடைசியில் டொலீடோ ஓஹையோவுக்குப் போனது, மிச்சிகனுக்கு வடக்கே உள்ள மேல் தீபகற்பமும் மாநில அந்தஸ்தும் கிடைத்தன. அன்று காடாகக் கிடந்த தீபகற்பத்தில் பின்னர் தாமிரமும் இரும்பும் வந்ததால் ஏமாந்தது யார் என்பதை இன்றும் பேசலாம்.

இரண்டு பல்கலைக்கழகங்களும் 1897இல் முதன்முதலாக மோதின. மிச்சிகன் 34-0. பகை முற்றியது 1969 முதல் 1978 வரை, ஓஹையோவில் வுடி ஹேஸும் மிச்சிகனில் போ ஷெம்பெக்லரும் பயிற்சியாளர்களாக இருந்த பத்து வருடங்களில். ஷெம்பெக்லர் முன்பு ஹேஸிடமே வேலை பார்த்தவர். குருவுக்கும் சீடனுக்கும் நடந்த அந்தக் காலத்தைப் ‘பத்தாண்டுப் போர்’ என்றே அழைக்கிறார்கள்.

சடங்குகளைப் பார்த்தால் இதன் ஆழம் தெரியும். ஆட்ட வாரத்தில் ஓஹையோ ஸ்டேட் வளாகத்தில் பெயர்ப்பலகைகளில் இருக்கும் ‘எம்’ என்ற எழுத்துகளின்மேல் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி ஒட்டிவிடுவார்கள். மிச்சிகன் என்ற பெயரையே சொல்லாமல் ‘வடக்கே இருக்கிற அந்த அணி’ என்பார்கள். மிச்சிகனை ஜெயித்தால் வீரர்களுக்குத் தங்கத்தில் ஒரு குட்டிக் கால்சட்டை பதக்கம். 1934இல் புதிதாக வந்த பயிற்சியாளரிடம் மிச்சிகனைப் பற்றிக் கேட்டபோது, ‘அவர்களும் எல்லோரையும்போல ஒவ்வொரு காலாகத்தான் கால்சட்டை மாட்டுகிறார்கள்’ என்ற பொருளில் பதில் சொன்னார். அதிலிருந்து வந்த வழக்கம் அது. பரிசாக வரும் மற்ற எதையும்விட இதைப் பெரிதாக வைத்திருக்கும் வீரர்கள் உண்டு.

கொடிக்கும் ஒரு முன்கதை இருக்கிறது. 2017 செப்டம்பரில் இதே அரங்கில் ஒக்லஹோமா 31-16 என்று ஜெயித்தபோது அவர்களின் முன்னணி வீரர் பேக்கர் மேஃபீல்டு நடு ‘ஓ’வில் கொடியைக் குத்தினார், பிறகு மன்னிப்பும் கேட்டார். 2022இல் 45-23 என்று ஜெயித்த மிச்சிகனும் அங்கே கொடி நட்டது. 2024இல் மறுபடியும். எனவே அந்த நாளின் கோபம் ஒரு கணத்தில் வந்ததல்ல. அதே சனிக்கிழமை வட கரோலினாவிலும் ஃப்ளோரிடாவிலும் நடந்த பகை ஆட்டங்களுக்குப் பின்னும் கொடியை வைத்துத் தள்ளுமுள்ளு நடந்தது.

இனி வருவதுதான் வெளியாட்களை அதிகம் குழப்பும். மிச்சிகனிடம் தோற்ற ஓஹையோ ஸ்டேட், அதே பருவத்தில் டென்னசி, ஓரிகன், டெக்சஸ் அணிகளை அடித்து, 2025 ஜனவரி 20இல் நாட்டர் டேமை 34-23 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. அப்படியானால் நவம்பர் தோல்வி துடைத்தெறியப்பட்டதா? அப்போது மிச்சிகன்காரர்களைக் கேட்டிருந்தால், ‘கோப்பை இருக்கட்டும், எங்களை ஜெயித்தீர்களா?’ என்றிருப்பார்கள். ஓஹையோகாரர்களிடமும் அதற்கு அன்று முழுப் பதில் இல்லை. பகையின் கணக்கு தனி ஏடு. புள்ளிப் பட்டியலின் லாபத்தை அதில் வரவு வைக்க முடியாது.

34 டாலருக்காக 41 வருடம்

முன்பு சொன்ன அலபாமா மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழகங்கள் அலபாமாவும் ஆபர்னும். அவை மோதும் ஆட்டத்துக்கு அயர்ன் பௌல் என்று பெயர். நெடுங்காலம் அது நடந்த பர்மிங்ஹாம், இரும்பு உருக்கும் ஊர். 1893இல் தொடங்கியது. 1907இல் 6-6 என்று சமன். அடுத்த ஆண்டு ஒப்பந்தம் போடும்போது தகராறு: ஆபர்ன் 22 பேருக்கு நாளொன்றுக்கு 3.50 டாலர் படி கேட்டது. அலபாமா 20 பேருக்கு 3 டாலர்தான் என்றது. ஒரு நாளைக்கு 77 டாலருக்கும் 60 டாலருக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு நாளைக்கு 34 டாலர். நடுவரை எங்கிருந்து கொண்டுவருவது என்பதிலும் ஒத்துப்போகவில்லை. ஆட்டம் நின்றது, நின்றது நின்றதுதான். 1947இல் மாநிலச் சட்டப்பேரவை தீர்மானம் போட்டு வலியுறுத்திய பிறகு, 1948 டிசம்பர் 4இல் மறுபடி ஆடினார்கள். அதற்குமுன் இரு தரப்பு மாணவர் தலைவர்கள் பர்மிங்ஹாம் பூங்கா ஒன்றில் குழிதோண்டி ஒரு கோடரியைப் புதைத்துச் சமாதானம் செய்துகொண்டார்கள். ஆட்டத்தில் அலபாமா 55-0. கோடரியோடு பகை புதையவில்லை.

இந்தப் பகையின் உச்ச கணம் 2013 நவம்பர் 30. 28-28 என்று சமனில் இருக்க, கடிகாரத்தில் 1 நொடி பாக்கி. அலபாமா 57 கஜத்திலிருந்து ஃபீல்டு கோல் முயன்றது. உதை சற்றே எட்டவில்லை. இங்கே ஒரு விதி: எட்டாமல் விழும் பந்தை எதிரணி பிடித்துவிட்டால் ஆட்டம் தொடரும். கம்பத்தின் கீழே காத்திருந்த ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் பந்தைப் பிடித்து மறுகோடி வரை ஓடினார். அலபாமா பக்கம் அப்போது களத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் உதைப்பவரைக் காப்பதற்காக நிறுத்தப்பட்ட மலைமலையான ஆட்கள். விரட்டிப் பிடிக்கும் வேகம் அவர்களிடம் இல்லை. 34-28. கூட்டம் மைதானத்துக்குள் கொட்டியது.

ஒரு மரத்தைக் கொன்ற விதம்

ஆபர்ன் ஊரில் கல்லூரியும் கடைத்தெருவும் சேரும் முனைக்கு டூமர்ஸ் கார்னர் என்று பெயர். அங்கே இரண்டு பெரிய ஓக் மரங்கள் நின்றன. அணி ஜெயித்தால் ஊரே கூடி டாய்லெட் பேப்பர் சுருளை மரத்தின்மேல் வீசும். இரண்டு மணி நேரத்தில் மரம் பனிபெய்ததுபோல் வெள்ளையாகிவிடும்.

2010 நவம்பர் 26இல் ஆபர்ன் 24-0 என்று பின்தங்கி, 28-27 என்று மீண்டு ஜெயித்தது. 2011 ஜனவரி 27இல் ஒரு வானொலி நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் வந்த அலபாமா ரசிகர் ஒருவர், அந்த மரங்களுக்கு விஷம் வைத்துவிட்டதாகப் பெருமையடித்தார். மண்ணைச் சோதித்தால் உண்மை. போட்டது டெபுதையூரான் எனும் களைக்கொல்லி, மேய்ச்சல் நிலத்தில் முட்புதர்களையும் வேண்டாத மரங்களையும் அழிக்க இடுவது.

இது வேலை செய்யும் முறை கொடுமையானது. இலையில் தெளிப்பதல்ல, மண்ணில் கரைந்து வேர்வழி ஏறுகிறது. இலைக்குப் போய் ஒளிச்சேர்க்கையை நிறுத்துகிறது. இலை கருகி உதிரும். மரம் வேரிலும் தண்டிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் செலவழித்துப் புதிதாகத் துளிர்க்கும். அந்தத் துளிரும் கருகும். மறுபடி துளிர்க்கும். சேமிப்பு தீரும்வரை இப்படியே. மண்ணில் இந்த ரசாயனம் ஒரு வருடத்துக்கு மேலும் வீரியத்தோடு கிடக்கும் என்பதால் ‘தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம்’ என்பது நடக்காது. ஆபர்ன் நிபுணர்கள் வேரைச் சுற்றிய மண்ணை அகற்றினார்கள், விஷத்தை உறிஞ்சக் கிளர்வூட்டிய கரித்தூள் இட்டார்கள். தாமதமாகிவிட்டது. 2013 ஏப்ரல் 23இல் மரங்களை வெட்டினார்கள். குற்றவாளி ஒப்புக்கொண்டு சிறை சென்றார். சுமார் 8 லட்சம் டாலர் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. 2015இல் புது மரம் நட்டார்கள். 2016 செப்டம்பரில் ஒரு வெற்றி இரவில், பேப்பர் தொங்கிய புது மரத்துக்கு ஒருவன் தீ வைத்தான்.

இப்படிப்பட்டவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. மரங்கள் செத்துக்கொண்டிருந்தபோது அவற்றைக் காக்க அலபாமா ரசிகர்களும் பணம் திரட்டினார்கள். பங்காளி வீட்டில் இழவு என்றால் போய் நிற்பதில்லையா, அதுபோல.

மைதானத்துக்குள் கூட்டம் இறங்கும்போது

எதிர்பாராத வெற்றி வந்தால் ரசிகர்கள் சுவரேறிக் குதித்துக் களத்தை நிரப்புவது பழைய வழக்கம். சாதாரணமாக நடப்பது இப்படி:

1. கடைசி நிமிடங்களிலேயே மாணவர் பகுதியில் மேல்வரிசையிலிருந்து கூட்டம் கீழே இறங்கி நெருக்கும்.

2. கடிகாரம் பூச்சியமானதும் முன்வரிசை தடுப்புச்சுவரைத் தாண்டும். அரங்கத்தைப் பொறுத்து 4 முதல் 10 அடி வரை குதிக்க வேண்டியிருக்கும். கணுக்கால் போவது இங்கேதான்.

3. ஒரு பகுதி நடுவே திரளும், இன்னொரு பகுதி கோல்கம்பத்துக்கு ஓடும்.

4. நாலைந்து பேர் குறுக்குக் கம்பியில் தொற்றி ஏறி ஆட்டுவார்கள். மற்றவர்கள் கீழிருந்து இழுப்பார்கள்.

கம்பத்தின் அமைப்பைப் பார்த்தால் ஆபத்து புரியும். தரையிலிருந்து 10 அடியில் குறுக்குக் கம்பி, அகலம் 18 அடி 6 அங்குலம். அதன் இரு முனைகளிலும் நிமிர்ந்து நிற்கும் தண்டுகள் தரையிலிருந்து குறைந்தது 30 அடி உயரம். பெரும்பாலான அரங்குகளில் இந்த மொத்தச் சுமையையும் வாத்துக் கழுத்துபோல் வளைந்த ஒற்றைக் கால் தாங்குகிறது. அது காற்றைத் தாங்கத்தான் கணக்கிடப்பட்டது. இருபது பேர் தொங்கி ஆட்டுவதற்கு அல்ல. வளைவு மடங்கும்போது கம்பி மெதுவாகவே சாய்வதுபோல் தெரியும். ஆனால் 30 அடி உயரத்தில் இருக்கும் தண்டின் நுனி மட்டும் படுவேகமாகத் தரைக்கு வரும். மேலே இருப்பவனைவிட, தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பவனுக்கே அடி. 1983இல் யேல் அரங்கில் ஹார்வர்டு மாணவி ஒருவருக்குத் தலையில் படுகாயம். 2001இல் இண்டியானாவின் பால் ஸ்டேட்டில் ஒரு மாணவர் முதுகில் கம்பம் விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதனால்தான் சில அரங்குகள் கீல் வைத்த கம்பத்துக்கு மாறின. விசில் ஊதியதும் ஊழியர்களே அதைப் படுக்கவைத்துவிடுவார்கள். தொங்கக் கம்பம் இல்லை, வேலை முடிந்தது.

நெரிசலின் பாடம் வேறு. 1993 அக்டோபர் 30இல் விஸ்கான்சின் அணி மிச்சிகனை 13-10 என்று வீழ்த்தியது. மேலிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் இறங்க, கீழே கம்பித் தடுப்பு. முன்னே இருப்பவனுக்கு வழியில்லை என்பது பின்னே இருப்பவனுக்குத் தெரியாது. தடுப்பு வளைந்து சுமார் 70 பேர் காயம். மூச்சுத்திணறிக் கிடந்தவர்களைத் தூக்கியவர்களில் விஸ்கான்சின் வீரர்களும் உண்டு. கூட்டத்தைத் தடுக்கத் தடுப்பைப் பலப்படுத்தினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இது பதில். தள்ளுகிற கூட்டத்துக்கு வெளியேறும் வழி வேண்டும்.

அபராதம் ஏன் பலிக்கவில்லை?

2022 அக்டோபர் 15: டென்னசி 52-49 என்று அலபாமாவை வென்றது, 2006க்குப் பிறகு முதல்முறை. கோல்கம்பங்கள் பிடுங்கப்பட்டு டென்னசி ஆற்றில் போய் விழுந்தன. அபராதம் 1,00,000 டாலர். புதுக் கம்பம் வாங்க இணையத்தில் பல்கலைக்கழகம் உண்டியல் குலுக்கியது, ரசிகர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். 2024 அக்டோபர் 5: நாட்டின் முதல்நிலை அணியாக இருந்த அலபாமாவை வாண்டர்பில்ட் 40-35 என்று கவிழ்த்தது. கம்பத்தைத் தோளில் சுமந்து நாஷ்வில் கடைவீதி வழியாகப் போய்க் கம்பர்லாண்டு ஆற்றில் விட்டார்கள். சாமி ஊர்வலத்துக்கு இருக்கும் ஒழுங்கு அதில் இருந்தது.

பணக் கணக்கு எளிது. அபராதம் கட்டுவது பல்கலைக்கழகம், குதிப்பது மாணவன். கட்டுபவருக்கும் குதிப்பவருக்கும் தொடர்பில்லை. ஒரு வெற்றியின் விளம்பர மதிப்புக்கு முன் ஒரு லட்சம் டாலர் ஒன்றுமில்லை. எஸ்.இ.சி. 2023இல் முதல் குற்றத்துக்கு 1,00,000, இரண்டாவதுக்கு 2,50,000, மூன்றாவதுக்கு 5,00,000 என்று ஏற்றியது. கூட்டமைப்புக்குள் நடக்கும் ஆட்டம் என்றால் பணம் தோற்ற விருந்தினர் அணிக்கே போகும் என்றும் வைத்தது. வயிற்றெரிச்சலை மூட்டிப் பார்க்கும் யோசனை; அதுவும் பெரிதாகப் பலிக்கவில்லை. 2025 மே மாதம் படிகளையே எடுத்துவிட்டு ஒவ்வொரு முறையும் 5,00,000 என்றது. எதிரணியும் நடுவர்களும் வெளியேறும்வரை கூட்டத்தை நிறுத்திவைத்தால் அபராதத்தையே ரத்து செய்யலாம். கூட்டம் இறங்கத்தான் போகிறது, அதற்குள் எதிரணியைப் பத்திரமாக அனுப்பிவிடுங்கள் என்பதே இதன் பொருள். இதுவரை போட்ட விதிகளில் நடைமுறை அறிந்த விதி இதுதான்.

சடங்கே ஆளைக் கொன்றபோது

டெக்சஸ் ஏ அண்டு எம் என்ற பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் டெக்சஸ் பல்கலைக்கழகத்துடன் ஆடும் ஆட்டத்துக்கு முன் மாபெரும் சொக்கப்பனை கொளுத்துவார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வந்த வழக்கம். 1969இல் அது 109 அடி வரை போனது. பிறகு 55 அடி என்று வரம்பு. 1999 நவம்பர் 18 விடிகாலை 2:42 மணிக்கு, சுமார் 5,000 மரக்கட்டைகளோடு 59 அடி எழும்பியிருந்த அடுக்கு சரிந்தது. மேலே 50க்கும் மேற்பட்டோர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள்.

ஆய்வுக் குழு சொன்ன காரணத்தைக் கட்டட வேலை தெரிந்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். நடுக்கம்பத்தைச் சுற்றிக் கட்டைகளை நிறுத்தி, தேர்த்தட்டுபோல் தட்டுத் தட்டாக ஏற்றுவார்கள். இரண்டாம் தட்டின் கட்டைகளை முதல் தட்டின் இடுக்குகளில் அடித்து இறக்கினார்கள். விறகு பிளக்கும் ஆப்பு செய்யும் வேலையை அவை செய்தன: மேல்பாரம் ஏற ஏற முதல் தட்டை வெளிப்பக்கமாகத் தள்ளின. பீப்பாயின் பலகைகளை இரும்புப் பட்டை பிடிப்பதுபோல முதல் தட்டைச் சுற்றிப் பிடிக்க ஏதாவது வேண்டும். முந்தைய ஆண்டுகளில் சுற்றிய எஃகு வடம் அந்த ஆண்டு இல்லை, கட்டுக்கம்பி மட்டுமே. அது தாங்கவில்லை. அடிப்படைக் குறை இதைவிடப் பெரிது: பொறியாளர் போட்ட வரைபடம் எதுவும் இல்லை. மூத்தவர் இளையவருக்குச் சொல்லி, சொல்லி, ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி வந்த கட்டுமானம்.

எட்டு நாள் கழித்து ஆட்டம் நடந்தது. ஏ அண்டு எம் 20-16 என்று ஜெயித்தது. இடைவேளையில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் இசைக்குழு தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றது. வளாகத்தில் அந்தச் சொக்கப்பனை பிறகு எரியவில்லை.

பன்றியும் கோடரியும்

பகையைத் தணிக்க முயன்றவர்களும் உண்டு. 1934இல் மினசோட்டா அணி, அயோவாவின் கறுப்பின வீரர் ஆஸி சிம்மன்ஸை மிக முரட்டுத்தனமாகத் தாக்கியது. 1935 ஆட்டத்துக்கு முன் கலவரம் வரலாம் என்ற பயம். மினசோட்டா ஆளுநர் ஃப்ளாய்டு ஆல்சன், அயோவா ஆளுநரோடு ஒரு பந்தயம் கட்டினார்: தோற்றவர் ஜெயித்தவருக்கு ஒரு கொழுத்த பன்றி தர வேண்டும். பேச்சு சண்டையிலிருந்து பன்றிக்குத் திரும்பியது. மினசோட்டா 13-6 என்று ஜெயிக்க, உயிருள்ள பன்றியே போய்ச் சேர்ந்தது. இன்று வெண்கலப் பன்றி கைமாறுகிறது. மினசோட்டா – விஸ்கான்சின் ஆட்டத்தில் ஒரு பெரிய கோடரி. ஜெயித்தவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிக் கோல்கம்பத்தை வெட்டுவதுபோல் நடிப்பார்கள். ஜெயித்த கைக்குப் பிடிக்க ஏதாவது கொடுத்துவிட்டால், அது கொடியையோ கம்பத்தையோ தேடுவது குறையும். மிச்சிகன் – ஓஹையோ ஆட்டத்தில் அப்படிக் கைமாறும் பொருள் ஒன்றும் இல்லை என்பதைக் கவனிக்கலாம்.

இப்போது என்ன மாறுகிறது?

தொலைக்காட்சிப் பணம் வரைபடத்தைக் கலைத்துவிட்டது. பிக் டென் 2022இல் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. 2024இல் லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டு பல்கலைக்கழகங்கள் அதில் சேர்ந்தன. இனி அவை 4,000 கி.மீ. தள்ளி நியூ ஜெர்சியில் இருக்கும் ரட்கர்ஸோடு ‘கூட்டமைப்பு’ ஆட்டம் ஆடும். முன்பு சொன்ன இரண்டாவது நிபந்தனை, பக்கத்து வீடு, இங்கே அடிபடுகிறது.

தேசியப் பட்டத்துக்கான இறுதிச்சுற்றில் முன்பு நான்கு அணிகள். 2024 முதல் 12. நவம்பரில் ஒருமுறை தோற்றால் பருவமே முடிந்தது என்ற நிலை போய்விட்டது. 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே ஓர் ஆண்டு வரம்புக்குள் (முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர்) அவர்களுக்குப் பணம் தரலாம். தடையில்லாமல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறவும் முடியும். போன வருடம் எதிரணியில் இருந்தவன் இந்த வருடம் நம் சட்டையில். நான்கு வருடம் ஒரே பக்கம் நின்ற வீரன் அரிதாகிவிட்டான். மாறாமல் நிற்பது ரசிகன் மட்டும்.

கூட்டமைப்புகளுக்கும் இது தெரிந்திருக்கிறது. பிக் டென், மிச்சிகன் – ஓஹையோ போன்ற ஆட்டங்களை ஆண்டுதோறும் உறுதி என்று பூட்டி வைத்திருக்கிறது. எஸ்.இ.சி. 2026 முதல் ஒவ்வோர் அணிக்கும் மாறாத மூன்று எதிரிகளை ஒதுக்கியது. அலபாமாவுக்கு ஆபர்ன், டென்னசி, மிசிசிபி ஸ்டேட். 2011இல் அறுந்த டெக்சஸ் – ஏ அண்டு எம் ஆட்டம் 2024இல் திரும்பியது, டெக்சஸ் 17-7.

எல்லாம் திரும்பவில்லை. ஒக்லஹோமாவும் ஒக்லஹோமா ஸ்டேட்டும் நூறாண்டுக்கு மேல் ஆடிய ஆட்டம், ஒக்லஹோமா எஸ்.இ.சி.க்குப் போனதால் ஆண்டு அட்டவணையிலிருந்து விழுந்தது. கடைசியாக 2023 நவம்பர் 4இல் ஆடினார்கள். ஒக்லஹோமா ஸ்டேட் 27-24 என்று ஜெயித்தது. ரசிகர்கள் களத்தை நிரப்பினார்கள். அந்தத் தோல்விக்குப் பதில் சொல்ல ஒக்லஹோமாவுக்கு இனி ஆண்டுதோறும் வருகிற ஒரு சனிக்கிழமை இல்லை.